ஏரிக்குக் கீழே கீரை

2025 பிப்ரவரி 19, புதன்கிழமை காலை, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேட்டவலம் போகும் சாலையோரம், மூன்று ஏக்கர் வேர்க்கடலை நிலத்தின் மேல் நிறுத்தப்பட்டிருந்த சூரிய மின்தகடுகளிலிருந்து முதல் முறையாகக் கம்பியில் மின்சாரம் ஏறியது.

தகடுகள் ஆள் உயரத்துக்கும் மேலே இரும்புக் கால்களில் நின்றன. காலையில் கிழக்கே முகம் சாய்த்திருக்கும். வெயில் ஏற ஏற மெல்லத் திரும்பும். மாலையில் மேற்கே பார்த்துவிட்டு, இருட்டியதும் மல்லாந்து படுத்துக்கொள்ளும். திரும்பும்போது மெல்லிய முனகல் ஒன்று கேட்கும், தூக்கத்தில் புரண்டு படுப்பவரின் முனகல் போல. பேருந்தில் போகிறவர்கள் தூரத்திலிருந்து பார்த்து, இங்கே எப்போது ஏரி வந்தது என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டார்கள். முதல் வாரமே ஒரு கொக்கு ஏமாந்து இறங்கியது. கண்ணாடியின் மேல் இரண்டு அடி நடந்து, குனிந்து, தன் அலகைத் தானே கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்து போனது. தேவிப்ரியா வரப்பில் நின்று அதைப் பார்த்தாள்.

நிலம் அவள் கணவன் சகாதேவனுடையது. அவன் சொந்தமாக ஒரு சின்ன வேன் ஓட்டுகிறவன். அப்பா காலத்துக் கிணறு வற்றிய பிறகு நிலத்துப் பக்கம் அவன் போவதே குறைந்துவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்தான். குத்தகை அவன் பெயரில் வந்தது. அதைப் பற்றி தேவிப்ரியா ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: தகட்டுக்கு அடியில் இருக்கிற மண் யாருக்கு?

கம்பெனியின் கண்காணிப்பாளர் விமல்ராஜ், வேங்கிக்காலிலிருந்து பைக்கில் வந்து போகிற இளைஞன். இந்தக் கேள்வியை யாரும் அவனிடம் அதுவரை கேட்டதில்லை. மேலே கேட்டு வந்து சொன்னான். அவள் பயிர் வைத்துக்கொள்ளலாம், கண்ணாடி கழுவப் போட்ட ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் பாய்ச்சிக்கொள்ளலாம். ஆனால் வரிசை எதுவும் சும்மா கிடக்கக் கூடாது. சும்மா கிடந்தால் புல் முளைக்கும், புல் காய்ந்தால் தீப்பிடிக்கும். மின்சாரம் ஏறிய பிறகு வருகிற பொங்கல் முடிந்ததும் வந்து பார்ப்பார்கள். எந்த வரிசையில் பயிர் இல்லையோ அதில் ஜல்லி கொட்டிவிடுவார்கள்.

ஜல்லி விழுந்த மண்ணில் அப்புறம் எதுவும் வைக்க முடியாது. ஒப்பந்தம் முடியும்போது அவளுக்கு அறுபது வயது ஆகியிருக்கும். அவள் கையில் என்று இருந்தது அந்த மண் ஒன்றுதான்.

மின்சாரம் ஏறுவதற்கு முன்பே, தகடுகள் நிறுத்திய கையோடு, முதலில் வேர்க்கடலை போட்டுப் பார்த்தாள். செடி செழித்தது, காய் பிடிக்கவில்லை. கீரைக்கு மாறினாள். அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி, ஓரத்தில் கொத்தமல்லி. கீரைக்கு அந்த இடம் பிடித்துப்போனது. இலை அகலமாக, மெத்தென்று, கரும்பச்சையாக வந்தது. வெளியே பங்குனி வெயில் மண்ணைச் சுட்டுக்கொண்டிருக்க, உள்ளே வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் மட்டும் ஒரு வெயில் கோடு விழுந்து, தகடுகள் திரும்பத் திரும்ப அந்தக் கோடும் செடிகளின் மேல் நகர்ந்து போகும். எந்தச் செடிக்கும் முழு வெயில் கிடைக்காது, எந்தச் செடிக்கும் கிடைக்காமலும் போகாது. கண்ணாடி கழுவுகிற ஆட்கள் வந்த நாளில் மேலேயிருந்து நீர் சொட்டும். அப்போது உள்ளே உட்கார்ந்திருந்தால் தலைக்கு மேல் நிஜமாகவே ஓர் ஏரி இருப்பது போலவும், அதன் அடியில் தான் உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருப்பது போலவும் இருக்கும். மதியத்தில் சில நாள் அவள் அங்கேயே கண்ணயர்ந்துவிடுவாள். மேலே மீன்கள் போகிற கனவு வரும். எழுந்தால் வெயில் கோடு அவள் பாதத்தைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போயிருக்கும்.

திருவண்ணாமலை உழவர் சந்தையில் முதல் நாள் கடை போட்டபோது, இது எங்கே வளர்ந்த கீரை என்று அவளாகவே எல்லாரிடமும் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அது தப்பாகப் போயிற்று. ஒருவர் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஓர் ஆட்டோக்காரர், இதில் பல்பைச் செருகினால் எரியுமா என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். கண்ணாடி கழுவுகிற தண்ணீரில் சோப்பு இருக்குமே என்றாள் ஒருத்தி. வெறும் தண்ணீர்தான் என்று தேவிப்ரியா சொன்னபோது, அப்படித்தான் சொல்வார்கள் என்று தலையாட்டினாள். இவ்வளவு பச்சையாக இருந்தால் கட்டாயம் மருந்து அடித்திருக்கும் என்றார் இன்னொருவர். இலை வாடியிருந்தால் பழசு என்பார்கள், செழித்திருந்தால் மருந்து என்பார்கள். என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கடை சந்திரம்மாளுடையது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கீரையும் முள்ளங்கியும் கொண்டுவருகிறவள். ஐம்பது வயது. சந்தையில் யாருக்கு என்ன பெயர் வைப்பது என்பது அவள் பொறுப்பு.

"கரண்டு கீரை வாங்கறவங்கல்லாம் கைக்கு உறை போட்டுக்கினு வாங்கம்மா" என்று அவள் பொதுவாகக் குரல் கொடுத்தாள்.

"உன் கீரையத் தொட்டா மட்டும் இன்னாக்கா கெடைக்குது? சேறுதான் ஒட்டுது" என்றாள் தேவிப்ரியா.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சந்திரம்மாளும் சிரித்தாள். ஆனால் பெயர் நின்றுவிட்டது.

கத்தரி வெயில் தொடங்கியபோது நிலைமை மாறியது. அந்த மாற்றம் ரேவதி டீச்சரிடமிருந்து வந்தது.

டீச்சர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றில் கணவர் அப்பாதுரையோடு இருக்கிறார். எந்தத் தண்ணீர் லாரி நல்ல தண்ணீர் கொண்டுவருகிறது, எந்த மாவுக்கடை மாவு புளிக்கிறது என்பதையெல்லாம் அந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறவர் அவர்தான். அவர் ஒரு கடையில் நின்று கீரை பொறுக்கினால் அடுத்த நாள் அந்தத் தெருவே அங்கே வந்து நிற்கும். மார்ச் மாதம் அவர் தேவிப்ரியாவின் கட்டை மோந்து பார்த்து, வெயில் படாமல் எப்படிச் சத்து வரும் என்று கேட்டுவிட்டு சந்திரம்மாளிடம் போனவர்.

மே மாதத்தில் அப்பாதுரைக்கு வாய்ப்புண் வந்தது. மணத்தக்காளிக் கீரை வேண்டும். சந்தையில் யாரிடமும் இல்லை, இருந்ததும் வெயிலில் வெந்து கிடந்தது. தேவிப்ரியாவிடம் மட்டும் இளசாக இருந்தது. வேறு வழியில்லாமல் டீச்சர் வாங்கிப் போனார். புண் ஆறியது. மணத்தக்காளி சாப்பிட்டால் எந்த வாய்ப்புண்ணும் ஆறும். ஆனால் டீச்சர் அப்படி யோசிக்கவில்லை. வாய்ப்புண் என்பது சூடு. இந்தக் கீரை நிழலில் வளர்ந்தது. நிழலில் வளர்ந்தால் குளிர்ச்சி. குளிர்ச்சி சூட்டை எடுத்தது. கரும்பலகையில் போட்ட கணக்கு மாதிரி வரி வரியாக அது அவருக்கு விளங்கிவிட்டது. அன்று மாலையே குழுவில் எழுதினார்: நிழல் கீரை, உடம்புச் சூட்டுக்கு நல்லது.

அதன்பின் சில மாதங்கள் கனவு போலப் போயின. காலை ஒன்பது மணிக்குள் கட்டுகள் தீர்ந்துவிடும். நிழல் கீரை இருக்கா என்று கேட்டுக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள். கிரிவலம் சுற்றிவிட்டுக் கால் கொதிக்கிறது என்று வந்த சென்னைக்காரர் ஒருவர் பச்சையாகவே இரண்டு இலையை வாயில் போட்டுக்கொண்டு, ஆமாம், உள்ளே ஜில்லென்று இறங்குகிறது என்றார். தேவிப்ரியா முதலில் ஒன்றிரண்டு பேரிடம், எல்லாக் கீரையும் ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தாள். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். ஆடி பிறப்பதற்குள் காலி வரிசை என்று ஒன்று இல்லாமல் எல்லாவற்றிலும் விதை போட்டாள். மாலையில் வரப்பில் நின்று பார்த்தால் மேலே நீலம், அடியில் பச்சை.

ஐப்பசியில் மழை பிடித்தது.

வேங்கிக்காலில் ஒரு வீட்டுக் குழந்தைக்குச் சளி பிடித்து நெஞ்சு கட்டிக்கொண்டது. மழைக்காலத்தில் குழந்தைக்குச் சளி பிடிப்பது ஒரு சேதியே இல்லை. ஆனால் முந்தின நாள் அந்த வீட்டில் நிழல் கீரைக் கடைசல். குழுவில் யாரோ கேட்டார்கள். டீச்சர் யோசித்தார். வெயிலில் சூட்டை எடுத்த அதே குளிர்ச்சி மழையில் சளியாகாமல் என்ன செய்யும்? கணக்கு நேராகத்தான் வந்தது. மழை விடும்வரை நிழல் கீரையைக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தவிர்க்கலாம் என்று எழுதினார். குழந்தைகளும் வயதானவர்களும் இல்லாத வீடு ஏது?

கட்டுகள் மிஞ்சின. மிஞ்சியதை மாட்டுக்குப் போட்டாள், அக்கம்பக்கம் கொடுத்தாள். விற்காத கீரையைப் பறிக்க ஆள் வைக்க முடியாது, பறிக்காவிட்டால் முற்றிப் பூத்துவிடும். ஒவ்வொரு வரிசையாக முற்றியது. வடக்குப் பக்கம் தண்ணீர் தேங்கி வேர் அழுகியது. கார்த்திகை பிறந்தபோது பாதி வரிசைகளில் காய்ந்த தண்டுகள் மட்டும் நின்றன.

விமல்ராஜ் வந்து பார்த்தான். வரிசைகளுக்கு நடுவே நடந்து போய்த் திரும்பி வந்தான். உங்கள் வீட்டுக்காவது தினம் இரண்டு கட்டு எடுத்துப் போகக் கூடாதா என்று அவள் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எங்கம்மாவே வேணாம்னுட்டாங்க."

"நீ மாட்டுன தகடுதானேப்பா?"

"அதனாலதான்க்கா வேணாம்ன்றாங்க. நான் மாட்டுனது ஒழுங்கா இருக்காதாம்."

போகும்போது, பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று ஆறுதலாகச் சொன்னான். ஆனால் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், லாரி திரும்ப இடம் போதுமா என்று காலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் பைக்கை எடுத்தான்.

சந்திரம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் நிலத்தில் மழையால் கீரை போய்விட்டது. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சரக்கில்லை. ஒரு நாள் காலை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கிட்ட குடுடி. என் குவியல்ல போட்டா அது என் கீரை. எங்க பொறந்தேன்னு சொல்ல அதுக்கு வாயா இருக்குது?"

உழவர் சந்தையில் ஒருவர் விளைச்சலை இன்னொருவர் விற்கக் கூடாது. அது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்வதுதான். தேவிப்ரியா அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். மறுநாள் விடிவதற்கு முன் நான்கைந்து கட்டைச் சந்திரம்மாளின் கூடையில் வைத்தாள்.

அவை விற்றன. சேறு தெளித்து, கொஞ்சம் கசக்கி, மற்ற கீரையோடு கலந்து வைத்தால் போதும், விற்றன. தேவிப்ரியாவின் கடையில் அதே செடியின் கீரை வாடிக்கொண்டு கிடக்க, இரண்டு முழம் தள்ளி அதன் உடன்பிறப்பு விலை போனது. ஆனால் சந்திரம்மாள் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். அதை நம்பி வரிசை வரிசையாக விதை போட முடியாது.

தீபத்துக்கு முந்தின வாரம் ஒரு காலை. ஊருக்குள் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது, சந்தைக்கு வெளியே பேருந்துகள் ஊர்ந்தன. ரேவதி டீச்சர் துணிப்பையோடு வந்தார். தேவிப்ரியாவைப் பார்த்து ஒரு சின்னத் தலையசைப்பு. பிறகு சந்திரம்மாளின் குவியலுக்கு முன் நின்று ஒரு கட்டை எடுத்தார். மோந்து பார்த்தார். தண்டை நகத்தால் கிள்ளிப் பார்த்தார்.

"இது கீரை" என்றார், யாரிடமும் குறிப்பாக இல்லாமல். "வெயில் பட்டு வளர்ந்ததுன்னா மணமே தனி. கொஞ்ச நாளா இவர் இதைத்தான் கேட்டுக் கேட்டுச் சாப்பிடறார்."

சந்திரம்மாள் வெற்றிலை வாயோடு புன்னகை செய்தாள். தேவிப்ரியா தன் விரிப்பிலிருந்த கட்டுகளைப் பார்த்தாள். டீச்சர் கையிலிருந்த கட்டில், வாழைநாரை தான் கட்டுகிற விதத்தில் இடப்பக்கம் முடிச்சு இருந்தது. அந்த ஒரு கட்டை அவிழ்த்துக் கட்டச் சந்திரம்மாள் மறந்துவிட்டாள். தேவிப்ரியா பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்தால் நாளைக்கும் நான்கைந்து கட்டு போகும்.

"டீச்சர், அது எங்க நெலத்துக் கீரை" என்றாள்.

"எது?"

"உங்க கைல இருக்கறதுதான். தகட்டுக்கு அடியில வளந்தது."

டீச்சர் கட்டைப் பார்த்தார், சந்திரம்மாளைப் பார்த்தார். சந்திரம்மாள் முள்ளங்கியைத் தேவையில்லாமல் அடுக்கத் தொடங்கினாள்.

"இத்தனை நாளா வாங்கினது?"

"அதுவுந்தான். நீங்களும் சாப்ட்டீங்க, சாரும் சாப்ட்டாரு. சளி புடிச்சுதா டீச்சர்?"

டீச்சர் கோபப்படவில்லை. தப்பான விடை வந்த கணக்கை மேலிருந்து திரும்பச் சரிபார்ப்பவர் போல நின்றார்.

"பிடிக்கலை. ஆனா இவர் தினம் மிளகு ரசம் குடிச்சார். அதனால பிடிக்கலை."

கட்டைத் திரும்ப வைத்தார். இரண்டு கடையிலும் எதுவும் வாங்கவில்லை. நான்கு அடி போனவர் திரும்பி வந்து, அந்த இடத்தைத் தான் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கூட்டம் வடிந்ததும் ஒரு நாள் சாயங்காலம் வருகிறேன் என்று வழி கேட்டுக்கொண்டார்.

அவர் போனபின் சந்திரம்மாள் தன் சாக்கைச் சுருட்டி அடுத்த வரிசைக்குக் கடையை மாற்றிக்கொண்டாள். "பொழைக்கத் தெரியாதவடி நீ" என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் மூன்றாம் தேதி மலைமேல் தீபம் ஏற்றினார்கள்; பதினோரு நாள் மாலைதோறும் அது எரியும். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ரேவதி டீச்சரும் அப்பாதுரையும் ஒரு பழைய காரில் வந்து இறங்கினார்கள். மழை விட்டு வானம் கழுவிவிட்டது போல இருந்தது. தென்மேற்கே மலை ஒரு நீல முக்கோணமாகத் தெரிந்தது, உச்சியில் அன்றைய நெருப்பு இன்னும் இல்லை. தகடுகள் அந்தி வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்திருந்தன. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முனகலோடு ஒவ்வொரு வரிசையாக நிமிர்ந்து மல்லாந்தன. அப்பாதுரை காதில் சுற்றியிருந்த மஃப்ளரை விலக்கி அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

டீச்சர் கேள்விகளோடு வந்திருந்தார். கம்பி எங்கே போகிறது, மண்ணுக்குள் கரண்டு இறங்குமா, கழுவுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது. தேவிப்ரியா ஒவ்வொன்றாகக் காட்டினாள். குழாயைத் திறந்து தண்ணீரை அவர் உள்ளங்கையில் பிடித்துக் கொடுத்தாள். இரும்புக் காலைத் தானே தொட்டுக் காட்டினாள். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். முகத்தில் மட்டும் மாற்றம் எதுவும் இல்லை.

இதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. வரப்புப் புல்லில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. டீச்சரின் புடவைக் கரை ஈரமாகி, கணுக்காலில் குளிர்ச்சியாக ஒட்டியது. சீக்கிரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், இவருக்குப் பனி ஆகாது என்று சொல்லிக்கொண்டே தகடுகளுக்கு அடியில் நுழைந்தார்.

உள்ளே குரல்கூட வேறு மாதிரி கேட்டது. பகலெல்லாம் வாங்கிய வெதுவெதுப்பை மண் இன்னும் வைத்திருந்தது. மேலே மூடிய இருள், பக்கங்களில் மங்கலான சாம்பல் வெளிச்சம், காலடியில் எஞ்சியிருந்த கீரை. பேசினால் எதையோ எழுப்பிவிடுவோம் என்பது போல இருந்தது. அப்பாதுரை மஃப்ளரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து ஒரு மணத்தக்காளிச் செடியில் கறுத்த பழங்களாகத் தேடிப் பறித்து ஒவ்வொன்றாக வாயில் போட்டார். அவர் மனைவி அதைக் கவனிக்கவில்லை. டீச்சர் ஓர் இலையை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

இலையில் ஈரமே இல்லை. அடுத்த செடியைத் தொட்டார். அதிலும் ஈரம் இல்லை. வெளியே போய் வரப்போரம் தானாக முளைத்திருந்த கீரையைத் தொட்டார். கை நனைந்தது. உள்ளே வந்தார். மறுபடியும் வெளியே போனார்.

"தேவி, உள்ளே பனியே விழலையே."

"மேல மறைப்பு இருக்குதில்ல டீச்சர். பனி கண்ணாடியிலயே நின்னுடும்."

டீச்சர், கண்ணாடி கழுவுகிறவர்கள் ஏறி நிற்கும் இரும்பு மேடையைக் காட்டி, அதன்மேல் ஏறலாமா என்று கேட்டார். படி இருந்தது, கைப்பிடி இருந்தது. தேவிப்ரியா பின்னால் தாங்கிக்கொண்டு ஏறினாள்.

மேலே போனதும் இருவரும் அப்படியே நின்றார்கள். மல்லாந்து கிடந்த தகடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நீர்ப்பரப்பாகக் கிடந்தன. அந்தியின் கடைசிச் சிவப்பு அதில் மிதந்தது. தூரத்தில் மலை. மலைக்குக் கீழே, தலைகீழாக, தகடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளில் உடைந்து உடைந்து இன்னொரு மலை. சற்றுமுன்தான் தீபத்துக்கு நெய் விட்டுத் தூண்டியிருக்க வேண்டும். உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் எழுந்தது. ஏரிக்குள்ளும் ஒரு பொட்டு எழுந்தது. காற்று இல்லை. இரண்டும் அசையவில்லை. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். எந்தத் தீபத்தைப் பார்த்துக் கும்பிட்டார் என்று தேவிப்ரியாவால் சொல்ல முடியவில்லை.

கீழே அப்பாதுரை இருமவில்லை என்பதையும் டீச்சர் கவனித்திருக்க வேண்டும்.

"சளி குளிர்ச்சியால வரலை தேவி" என்றார் அவர், இறங்காமலே. "பனியால வருது. வெளியில வளர்ற கீரைதான் ராத்திரியெல்லாம் பனியைக் குடிக்குது. இது குடிக்கலை. நான் ஒரு படியை விட்டுட்டேன்."

தேவிப்ரியா வாய் திறந்தாள். இதைச் சொல்லாமல் விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சந்தையில் ஒரு முறை சொல்லியாகிவிட்டது.

"டீச்சர், எதுல வளந்தாலும் கீரை கீரைதான். அலசி ஆக்கிட்டா எல்லாம் ஒண்ணுதான். இது குளிர்ச்சியும் இல்ல, சூடும் இல்ல. நல்லா இருக்குதுன்னா வாங்குங்க, அவ்ளோதான்."

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். விடையைச் சரியாகச் சொல்லிவிட்டு வழிமுறையை எழுதாத மாணவியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதும்மா" என்றார் அன்பாக.

மறுநாள் காலை வேங்கிக்காலின் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு செய்தி வந்தது. படத்தில் கீரை இல்லை. ஏரியில் தெரிந்த தீபம் இருந்தது. கீழே நான்கு வரி: பனி விழாத கீரை, மார்கழிக்கு ஏற்றது, நேரில் பார்த்துச் சொல்கிறேன். அது வேறு குழுக்களுக்கும் போனது. யார் கைக்குப் போனபோது என்று தெரியவில்லை, தீபம் பட்ட கீரை என்று ஒரு வரி கூடச் சேர்ந்துகொண்டது.

வாரக் கடைசியில் தேவிப்ரியாவின் விரிப்புக்கு முன் ஆட்கள் நின்றார்கள். பனி விழாததுதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள், அது உண்மை. தீபம் பட்டதா என்று கேட்டவர்களிடம், தெரியாதுங்க என்றாள். அவர்கள் அதற்கும் வாங்கிப் போனார்கள். அடுத்த வரிசையில் சந்திரம்மாளிடமும் அதே கேள்வி போனது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் தன் பாத்திகளுக்கு மேல் கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினாள். மூன்றாம் நாள் கடையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து போட்டாள். தார்ப்பாய் எந்தக் கடையில் மலிவு என்பது பற்றி மட்டும் தேவிப்ரியாவோடு பேசினாள்.

தேவிப்ரியா மறுபடி விதைத்தாள். சிறுகீரையும் கொத்தமல்லியும் சீக்கிரம் எழும்பும், அவற்றையே போட்டாள். சகாதேவன் இரண்டு ஞாயிறு வேனை நிறுத்திவிட்டு வந்து பாத்தி கட்டினான். வடக்குப் பக்கம் மட்டும் தண்ணீர் வடியவே இல்லை. விதைத்ததெல்லாம் அழுகியது. மார்கழி முழுக்க அவள் அந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டிப் பார்த்தாள். மதியத்தில் கண்ணயர்ந்தால் வருகிற கனவில் இப்போது ஏரி மேலே இல்லை, வடக்கே இருந்தது.

2026 ஜனவரி 19, திங்கட்கிழமை, விமல்ராஜ் வந்து வரிசைகளைப் பார்த்தான். மதியம் லாரி வந்தது. வடக்குப் பக்கம் ஒரு ஏக்கரில் ஜல்லி கொட்டினார்கள். மற்ற இரண்டு ஏக்கரில் கீரை நின்றது.